சிக்மண்ட் பிராய்டு: ரோமாபுரி வாசலில் திரும்பிய அறிஞர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன்)

விலங்கியல் படிக்கும் மாணவன் உளவியல் மேதை ஒருவரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். அந்த மேதையும் முதலில் விலங்கியல் ஆய்வுமேசையின் முன் அமர்ந்தவர்தாம் என்பது என் முதல் விடை. 1876ஆம் ஆண்டில், வியன்னாப் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, டிரீஸ்ட் என்னும் கடற்கரை நகரின் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் ஏறத்தாழ 400 விலாங்கு மீன்களை அறுத்துப் பார்த்தார். ஆண் விலாங்கின் விந்தகம் எங்கே இருக்கிறது என்பது அந்நாளில் விடுபடாத புதிர். அத்தனை மீன்களை அறுத்தும் அவருக்கு உறுதியான விடை கிட்டவில்லை. இன்று எங்கள் ஆய்வகத்தில் விலங்குகளை அறுப்பது நின்றுவிட்டது. படங்களையும் மாதிரிகளையும் கொண்டே பயில்கிறோம். ஆயினும் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைப் பொறுமையோடு தேடும் பழக்கம் பிராய்டுக்கு அந்த மேசையில்தான் வந்தது என்று எண்ணுகிறேன்.

இரண்டாவது விடை என் சொந்த வாழ்வைச் சார்ந்தது. அதனை உரிய இடத்தில் சொல்வேன்.

பிறப்பும் இளமையும்

இன்று செக் நாட்டில் பிரிபோர் எனப்படும் சிற்றூர், அன்று ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டு, பிரைபர்க் என்று வழங்கியது. அங்கே 1856ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் சிக்மண்ட் பிராய்டு பிறந்தார். தந்தை யாக்கோப் கம்பளி வணிகர், யூத இனத்தவர். அப்போது தந்தைக்கு வயது 40, தாய் அமாலியாவுக்கு 20. பூட்டுத் தொழிலாளி ஒருவரின் வீட்டில் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில் குடும்பம் வாழ்ந்தது.

யாக்கோபின் முதல் மணத்தில் பிறந்த புதல்வர் இருவர் அதே ஊரில் இருந்தனர். அவர்களில் மூத்தவரின் மகன் ஜான், சிற்றப்பன் முறையான பிராய்டைவிட ஏறத்தாழ ஒரு வயது பெரியவன்! இருவரும் இணைபிரியாமல் விளையாடினர். அதே அளவுக்கு அடித்துக்கொண்டனர். தமக்கு வாழ்நாள் முழுவதும் உயிர்த்தோழன் ஒருவனும் பகைவன் ஒருவனும் வேண்டியிருந்தனர் என்றும், சில வேளைகளில் ஒரே மனிதர் இரண்டுமாக ஆனார் என்றும், அதற்கு வித்திட்டவை ஜானோடு கழிந்த அந்நாட்களே என்றும் பிராய்டு பிற்காலத்தில் எழுதினார். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இது மீண்டும் வரும்.

தந்தையின் வணிகம் நலிந்தது. 1859இல் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பியது. 1860இல் வியன்னாவில் குடியேறியது. அங்கே, ஏழெட்டு வயதில், சிறுவன் பிராய்டு ஒருநாள் பெற்றோரின் படுக்கையறையிலேயே சிறுநீர் கழித்துவிட்டான். தந்தை சினந்து, இந்தப் பையன் உருப்படமாட்டான் என்று சொன்னார். நம் வீடுகளில் நாள்தோறும் விழும் சொல்தான் இது. ஆனால் அந்த ஒரு சொல் பல ஆண்டுகள் பிராய்டின் கனவுகளில் வந்துகொண்டே இருந்தது. வரும்போதெல்லாம் அவர் சாதித்தவற்றின் பட்டியலும் கூடவே வந்தது. இதோ பாருங்கள் அப்பா, உருப்பட்டுவிட்டேன் என்று உறங்கும்போதும் அவர் உள்ளம் தந்தைக்குக் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

சேற்றில் விழுந்த தொப்பி

பிராய்டுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். தந்தையுடன் உலாவப் போவது வழக்கம். ஒருநாள் தந்தை தம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைச் சொன்னார். பிரைபர்க்கில் அவர் நன்றாக உடுத்தி, புதிய தொப்பி அணிந்து நடைபாதையில் சென்றபோது, எதிரே வந்த கிறித்துவர் ஒருவர் அத்தொப்பியைச் சேற்றில் தட்டிவிட்டு, யூதனே நடைபாதையை விட்டு இறங்கு என்று விரட்டினாராம். அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மகன் ஆவலோடு கேட்டான். தெருவில் இறங்கித் தொப்பியை எடுத்துக்கொண்டேன் என்று தந்தை அமைதியாக விடையளித்தார்.

சிறுவனின் மனம் உடைந்தது. தன் கையைப் பிடித்து நடக்கும் இந்தப் பெரிய மனிதர் வீரர் இல்லையா? அன்றுமுதல் அவன் கார்த்தேஜ் நாட்டுப் படைத்தலைவன் ஹானிபலைத் தன் வீரனாக ஏற்றுக்கொண்டான். ரோமாபுரியைப் பழிவாங்குவதாகத் தன் தந்தைக்குச் சூளுரைத்தவன் ஹானிபல். ஆல்ப்ஸ் மலையையே கடந்தும் அவன் ரோமாபுரி நகருக்குள் நுழையாமலே போனான்.

இந்தப் பகுதியைப் படித்தபோது நான் நூலை மூடி வைத்துவிட்டேன். என் தந்தை அரிசி ஆலையில் மூட்டை சுமப்பவர். பள்ளி விடுமுறை நாட்களில் தூக்குவாளியில் சோறு எடுத்துச் செல்வேன். ஆலைக்காரர் வரும் ஓசை கேட்டதும், தலையில் கட்டியிருந்த துண்டை அப்பா அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்வார். அவர் போனதும் துண்டு மீண்டும் தலைக்கு ஏறும். யாரும் அதைச் சேற்றில் தட்டிவிடவில்லை. ஆனாலும் எட்டு வயதில் அதைக் கண்ட நான், தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் பேசாமலே வீடு திரும்பினேன்.

மருத்துவப் பணி

பிராய்டு 1873இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1881இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இடையில் பேராசிரியர் புருக்கேயின் உடலியல் ஆய்வகத்தில் ஆறாண்டுகள் மீன், நண்டினங்களின் நரம்புகளை ஆராய்ந்தார். ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைக் கழிக்க விரும்பினார். பொருள் வசதி இடங்கொடுக்கவில்லை. 1882இல் மார்த்தா என்னும் மங்கையோடு மணஉறுதி நிகழ்ந்தது. குடும்பம் நடத்த மருத்துவத் தொழிலே வழியாயிற்று.

1885இல் பாரிஸ் சென்று, நரம்பியல் அறிஞர் சார்கோவிடம் சில மாதங்கள் பயின்றார். உடலில் கோளாறு ஏதுமின்றியே கை முடங்குவதையும் குரல் அடைபடுவதையும் அங்கே கண்டார். வியன்னாவில் அவருக்கு மூத்த மருத்துவரும் நண்பருமான பிராயர், அன்னா ஓ என்ற புனைபெயரால் அறியப்படும் பெண்ணுக்கு 1880 முதல் 1882 வரை மருத்துவம் செய்திருந்தார். தன் துன்பங்கள் தோன்றிய சூழ்நிலைகளை அவள் நினைவுகூர்ந்து பேசியபோது சில அறிகுறிகள் தணிந்தன. அவள் முற்றிலும் குணமடைந்தாள் என்று சொல்வதற்கில்லை. அதன் பின்னும் மருத்துவமனைகளில் இருக்க நேர்ந்தது. ஆயினும் பேச்சும் மருந்தாகலாம் என்னும் எண்ணம் அங்கே பிறந்தது. பிராயரும் பிராய்டும் சேர்ந்து 1895இல் இதுபற்றி நூல் வெளியிட்டனர். அன்னா ஓ என்ற அந்தப் பெண், பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற தம் சொந்தப் பெயரில் பிற்காலத்தில் பெண்கள் நலத்துக்காக உழைத்துப் புகழ்பெற்றார்.

தந்தையின் மறைவும் ரோமாபுரியும்

1896ஆம் ஆண்டு அக்டோபரில் யாக்கோப் காலமானார். அப்போது பிராய்டுக்கு வயது 40. தமக்கென மனைவி, ஆறு மக்கள், தொழில் எல்லாம் உள்ளவர். ஆயினும் வேரோடு பெயர்க்கப்பட்டவர் போலானார். அடுத்த ஆண்டு தம் கனவுகளையும் இளமை நினைவுகளையும் தாமே ஆராயத் தொடங்கினார். அதன் விளைவே, 1899 நவம்பரில் வெளிவந்து 1900 என்ற ஆண்டைத் தாங்கி நிற்கும் கனவுகளின் விளக்கம் என்னும் நூல். அச்சிட்டவை 600 படிகள். அவை விற்றுத் தீர எட்டு ஆண்டுகள் ஆயின!

அந்நூலில் அவர் தம்மைப் பற்றியே ஒரு விந்தையைச் சொல்கிறார். ரோமாபுரியைக் காண அவருக்கு அடங்காத ஆசை. இத்தாலிக்குப் போவார், ஆனால் ரோமாபுரிக்கு மட்டும் போகமாட்டார். ஒருமுறை டிரசிமீன் ஏரியைக் கடந்து சென்று, இன்னும் ஏறத்தாழ 80 கிலோமீட்டரே இருக்க, திரும்பிவிட்டார். ஹானிபலும் அந்த ஏரிவரை வந்து ரோமாபுரியை அடையாதவன்தான் என்பது பிறகே அவருக்குத் தோன்றியது. இளமையில் தொப்பிக் கதையைக் கேட்ட சிறுவன், நாற்பது வயது மருத்துவரின் பயணத்தை நிறுத்திக்கொண்டிருந்தான்!

இவ்வாறு தம்மைத் தாமே ஆராய்ந்தபின், 1901 செப்டம்பரில், தம்பி அலெக்சாண்டருடன் பிராய்டு ரோமாபுரிக்குள் நுழைந்தார். திரும்பி வந்ததும், பல ஆண்டுகளாகக் கிட்டாதிருந்த பேராசிரியர் பட்டத்துக்காகத் தாமே முயன்றார், 1902இல் பெற்றார். பின்னர் ரோமாபுரிக்குப் பலமுறை சென்று வந்தார்.

மீண்டும் மீண்டும் நிகழ்வது ஏன்?

இக்கேள்வியே பிராய்டின் பிற்காலப் பணியின் உயிர்நாடி. 1900ஆம் ஆண்டின் இறுதியில் 18 வயதுப் பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். நூலில் அவளை டோரா என்று குறிப்பிடுகிறார். பதினொரு வாரங்களில், திடீரென்று ஒருநாள் நின்றுவிட்டாள். வேறொருவர் மேல் அவளுக்கிருந்த சினத்தைத் தம்மேல் காட்டிச் சென்றுவிட்டாள் என்பதைக் காலங்கடந்தே உணர்ந்ததாகப் பிராய்டு ஒப்புக்கொண்டார். பழைய உறவில் எழுந்த அன்பையும் அச்சத்தையும் சினத்தையும் நாம் அறியாமலே புதிய மனிதர்மேல் ஏற்றி வைக்கிறோம். இதற்கு உணர்வேற்றம் என்று பெயர் கொள்ளலாம்.

1914இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அவர் மேலும் ஒரு படி சென்றார். மறந்துபோன துன்பத்தை மனிதன் நினைவாகச் சொல்வதில்லை. செயலாகச் செய்து காட்டுகிறான். தான் திரும்பச் செய்கிறோம் என்பதையும் அறியான். தந்தைக்கு அஞ்சியதை நினைவுகூராதவன், மருத்துவரைக் கண்டு அஞ்சுகிறான்.

இதற்கு ஓர் எளிய காட்சி அவர் மகள் சோபியின் வீட்டிலேயே கிடைத்தது. ஒன்றரை வயதுப் பேரன் நூல் கட்டிய மரஉருளை ஒன்றைத் தொட்டிலுக்குள் வீசி மறைப்பான். பின் நூலை இழுத்து அதை வெளியே கொண்டுவந்து மகிழ்வான். தாய் பிரிந்து செல்வதும் திரும்பி வருவதும் அக்குழந்தையின் கையில் விளையாட்டாகியிருந்தன. தன்னால் தடுக்க முடியாத பிரிவைத் தானே நிகழ்த்திப் பார்த்து, அதை ஆள முயன்றது அக்குழந்தை. இதனைப் பிராய்டு 1920இல் வெளியிட்டார். அவ்வாண்டு சனவரியில்தான் சோபி விஷக்காய்ச்சலில் இறந்துபோனாள்.

உளஇயக்கவியல் ஆலோசனை என்று இன்று வழங்கும் முறை இந்த வேர்களிலிருந்து வளர்ந்தது. ஒருவர் எங்கே வேலைக்குச் சென்றாலும் மேலாளரோடு சண்டையிட்டு விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆலோசகரிடம் ஒருநாள் தாமதமாக வருகிறார். ஆலோசகர் எதுவும் சொல்வதற்கு முன்பே, நான் என்ன உங்கள் வேலையாளா என்று சீறுகிறார். ஆலோசகர் கடிந்துகொள்வதில்லை, அறிவுரையும் கூறுவதில்லை. திட்டு விழும் என்று எதிர்பார்த்தீர்களோ, இதற்கு முன் யாரிடம் இப்படி நின்றீர்கள் என்று மெல்லக் கேட்கிறார். அலுவலகத்தில் ஒன்று, குழந்தைப் பருவத்தில் ஒன்று, இந்த அறையில் ஒன்று என மூன்று இடங்களிலும் ஒரே உணர்ச்சி முளைத்திருப்பதை அவர் தம் கண்ணாலேயே காண்கிறார். ஒருமுறை கண்டால் போதாது. பலமுறை கண்டு, பொறுத்து, பழக வேண்டும். பிராய்டு காலத்தில் நோயாளி கட்டிலில் சாய்ந்தபடி வாரத்தில் ஆறு நாள் பேசினார்; இன்றைய ஆலோசனை பெரும்பாலும் வாரம் ஒருமுறை, எதிரெதிர் நாற்காலிகளில் நடைபெறுகிறது.

பிராய்டு சொன்ன எல்லாவற்றையும் இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. பெண்களைப் பற்றிய அவர் கருத்துகள் பல மறுக்கப்பட்டுவிட்டன. ஒருசில நோயாளிகளைக் கொண்டு உலகத்துக்கே விதி வகுத்தார் என்ற குறையும் உண்டு. அறிவியல் மாணவன் என்ற முறையில் இதை மறைத்தல் கூடாது. ஆயினும், அறியாத கடந்த காலம் நிகழ்காலத்தில் திரும்ப நடிக்கப்படுகிறது என்ற அவர் பார்வை இன்றும் ஆலோசனை அறைகளில் பயன் தருகிறது.

அறிந்தவரும் மீளவில்லை

தம் நோயைத் தாமே அறிந்த பிராய்டு, அதிலிருந்து முற்றிலும் விடுபட்டாரா? இல்லை என்பதே உண்மை. பிராயர் நண்பரானார், பின் விலகினார். பிளீஸ் என்னும் மருத்துவரிடம் பல ஆண்டுகள் உள்ளத்தைத் திறந்து கடிதம் எழுதினார்; அந்த நட்பும் முறிந்தது. ஆட்லர் 1911இல் பிரிந்தார். 1907இல் முதன்முதல் சந்தித்தபோது 13 மணி நேரம் ஓயாமல் பேசி மகிழ்ந்த யுங், 1913இல் பிரிந்தார். பிரைபர்க்கின் ஜான் வேறு வேறு முகங்களோடு வந்துகொண்டே இருந்தான்!

ரோமாபுரியை வென்ற மூன்றாம் ஆண்டே இன்னொன்று நிகழ்ந்தது. 1904இல் அதே தம்பியோடு டிரீஸ்டில் தங்கியிருந்தபோது, ஏதென்சுக்குப் போகலாமே என்று அறிந்தவர் ஒருவர் சொன்னார். மகிழ வேண்டிய இருவரும் ஏனோ சோர்ந்து, போக முடியாததற்குக் காரணங்களைத் தேடினர். ஆயினும் நேரம் வந்ததும் கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிட்டனர். அக்ரோபோலிஸ் குன்றின்மேல் நின்றபோது, பள்ளியில் படித்தது உண்மையிலேயே இங்கே இருக்கிறதா என்ற விந்தையான ஐயம் பிராய்டைப் பற்றிக்கொண்டது.

அந்த ஐயத்தின் பொருள் விளங்க அவருக்கு 32 ஆண்டுகள் ஆயின. காந்தியடிகள், இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் வரலாறுகளை எழுதிய பிரெஞ்சு அறிஞர் ரோமன் ரோலந்தின் 70ஆம் பிறந்தநாளுக்கு, 1936இல், எண்பது வயதை நெருங்கிய பிராய்டு எழுதிய கடிதத்தில் அதை விளக்கினார். தம் தந்தை உயர்நிலைக் கல்வி பெறாத வணிகர். ஏதென்சு என்ற பெயர் அவருக்குப் பெரிதாக எதையும் உணர்த்தியிராது. அவர் எட்டாத இடத்தை மகன் எட்டிவிட்டான். தந்தையைக் கடந்து செல்வது ஏதோ தகாத செயல் என்ற குற்ற உணர்வே அந்த மகிழ்ச்சியைக் கெடுத்தது என்று கண்டார்.

இறுதி நாட்கள்

1923இல் பிராய்டின் வாயில் புற்றுநோய் கண்டது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகளைத் தாங்கினார், எழுத்தை நிறுத்தவில்லை. அவர் புகழ் நம் நாட்டையும் எட்டியிருந்தது. கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். 1931இல் பிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கு அக்கழகம் தந்தத்தால் ஆன திருமால் சிலை ஒன்றை அனுப்பிற்று. பிராய்டு அதைத் தம் மேசைமேல் வைத்துப் போற்றினார்.

1933இல் பெர்லினில் நாசிகள் அவர் நூல்களை எரித்தனர். 1938 மார்ச்சில் ஆஸ்திரியா இட்லரின் கைக்குள் வந்தது. மகள் அன்னாவை இரகசியக் காவலர் அழைத்துச் சென்று விசாரித்தனர். அவ்வாண்டு சூன் மாதத்தில், 47 ஆண்டுகள் குடியிருந்த வியன்னா வீட்டை விட்டு அவர் இலண்டனுக்குப் புறப்பட்டார். உடன் வர இயலாத சகோதரியர் நால்வர் பின்னாளில் நாசிகளின் முகாம்களில் மாண்டனர். 1939 செப்டம்பர் 23ஆம் நாள், 83ஆம் வயதில், பிராய்டு இலண்டனில் காலமானார். அந்த இலண்டன் வீடு இன்று அருங்காட்சியகம். நோயாளிகள் சாய்ந்து பேசிய கட்டில் அங்கே இருக்கிறது.

என் ஏதென்சு

இனி என் இரண்டாவது விடை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியில் முதலாவதாக வந்தேன். தேறிவிட்டேன் என்று மட்டும் வீட்டில் சொன்னேன். முதலிடம் பெற்றதை மூன்று மாதம் மறைத்தேன். கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, உதவித்தொகைக்கான வருமானச் சான்றை எடுத்துக்கொண்டு, அரைநாள் கூலியை விட்டுவிட்டு அப்பா இங்கே வந்தார். அலுவலகத்தின் எதிரே உள்ள புங்கமரத்தடியில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். யார் அது என்று உடன் வந்த நண்பன் கேட்டான். எங்கள் ஊர்க்காரர் என்றேன். அது அப்பாவின் காதில் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அது வெட்கம் என்றே எண்ணியிருந்தேன். வெட்கமும் இருந்தது. ஆனால் வெட்கம் மட்டும் என்றால், யாரும் இல்லாத வீட்டுக்குள் மதிப்பெண்ணை ஏன் மறைக்க வேண்டும்? ஏதென்சுக் கடிதத்தைப் பற்றிப் படித்த இரவில்தான் மற்றொன்று விளங்கிற்று. அப்பா சுமந்த மூட்டைகளின்மேல் ஏறி நின்றுதான் நான் உயர்ந்திருக்கிறேன். உயர உயர அவரைக் கீழே விட்டுச் செல்வதாக உள்ளம் அஞ்சுகிறது. அதனால் நல்லது நடக்கும்போதெல்லாம் நான் திருடனைப் போல ஆகிவிடுகிறேன்.

அறிந்தவுடன் திருந்திவிட்டேன் என்று எழுதினால் அது பொய். சென்ற பருவத்தில் துறைக் கருத்தரங்கில் எனக்கு முதற்பரிசு கிடைத்தது. சான்றிதழை வீட்டுக்குக் கொண்டுபோய், வழக்கம்போல் தகரப் பெட்டியின் அடியில் வைத்தேன். மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தபோது என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அன்றிரவு அப்பா சாப்பிட்டு எழுந்ததும் அதை நீட்டினேன். வாங்குவதற்கு முன் துண்டில் இரண்டு கைகளையும் நன்றாகத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னையே படிக்கச் சொன்னார். படித்தேன்.

அன்று மூன்று மாதம் ஆயிற்று. இப்போது மூன்று நாள். பிராய்டின் வாழ்வு எனக்குக் கற்பித்தது இவ்வளவே. பழைய உணர்ச்சி மறுபடியும் வரும். வரும்போது அதன் முகம் தெரிந்தால், அதனிடம் நாம் கழிக்கும் காலம் குறையும்.

இம்மலர் வெளியாகும் ஆண்டு விழாவுக்கு அப்பாவை அழைத்திருக்கிறேன். அன்றும் அவர் புங்கமரத்தடியில்தான் நிற்பார். அவர் யார் என்று நண்பர்கள் என்னைக் கேட்க வேண்டும். இம்முறை சரியாகச் சொல்வேன்.